காணி மந்திரியார் கிஸ்ஸா

கிஸ்ஸா, அதாவது கதை, சொல்ல உட்கார்ந்தவன் முதலில் ஊரை வாழ்த்த வேண்டும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகப் போகிற அத்தனை ஊரும் வாழ்க. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் மெயின் றோட்டு, றோட்டுக்கு இரண்டு பக்கமும் சனம். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக மூன்று தலைமுறை முகம் பாராமல் இருக்கக்கூடிய சனம். இந்தச் சனத்திடம் 'காணி' என்று சொல்லிப் பாருங்கள். கலியாண வீட்டில் முன்னால் வைத்த சஹன் சோற்றை ஆறவிட்டுப் பேச உட்கார்ந்துவிடும்.

கிஸ்ஸாவின் நாயகர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. மீரிகமைக்குப் பக்கத்தில் போத்தலையில் பிறந்த டொன் ஸ்டீபன் சேனாநாயக்க. இலங்கையின் முதல் பிரதமர், பாடப்புத்தகத்தில் தேசபிதா. பிரதமராக இருந்தது ஐந்து வருடம்கூட முழுதாக இல்லை. அதற்கு முன் காணி மந்திரியாக இருந்ததோ பதினைந்து வருடத்துக்கு மேல். எங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர் அவர் பெயரில் தேங்கி நிற்கிறது. எங்கள் வீட்டு அலுமாரியில், உம்மாவின் பழைய சேலைக்கடியில் மடித்து வைத்த காணிப் பெர்மிட்டு அவர் போட்ட சட்டத்தின் பிள்ளை. இவ்வளவுக்குப் பிறகும் அவரை விட்டுவிட்டு வேறு ஆளுக்குக் கிஸ்ஸா பாடினால் நன்றிகெட்டவன் என்று பெயர் வரும்.

முன்கதைப் படலம்

மந்திரியார் பிறக்குமுன்பே எங்களுக்குக் காணி கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். முதல் ஆள் கண்டி மன்னன் செனரத். 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் தங்கள் எல்லையிலிருந்து விரட்ட, மன்னன் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று குவைறோஸ் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்பே எங்கள் ஆட்கள் இங்கே இருந்தார்கள் என்று வாதாட ஊரில் ஐம்பது பேர் தயாராக இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. செனரத்திடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். நாலாயிரம் பேரையும் வரிசையில் நிற்கவைத்து அடையாள அட்டைப் போட்டோப் பிரதி கேட்கவில்லை.

இரண்டாவது ஆள் வெள்ளைக்காரன். அவன் கொடுக்குமுன் எடுத்தான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொன்னது இதுதான்: காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரில்லாத நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை. திருடன் நடுவீட்டில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, "இது உன் வீடு என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று வீட்டுக்காரனைக் கேட்கிற மாதிரியான சட்டம். நிரூபிக்க வேண்டியவன் சேனை வெட்டிக் குரக்கன் போட்டவன். நீதிமன்றம் நடந்ததோ இங்கிலீசில். இப்படி எடுத்த காணியைக் கோப்பித் தோட்டத்துக்கு ஏக்கர் ஐந்து சிலிங் என்று விற்றார்கள். வாங்கியவர்களில் பெரிய உத்தியோகத்தர்களே பலர். விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடித்தால் பேரம் எவ்வளவு சுமுகமாக முடியும் என்பதற்கு இலங்கை சரித்திரத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கோப்பி மலையோடு நின்றது. கரையில் வெள்ளைக்காரனுக்கு வேண்டியது நெல்லும் வரியும். அதனால் 1850களில் கவர்னர் ஹென்றி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்த ஆள் அனுப்பினார். குளத்தின் கீழே வயல் முதலாளிகளான போடியார்கள் பெருத்தார்கள். போடியாருக்குக் கீழே முல்லைக்காரன், வட்டைக்கு ஒரு வட்டவிதானை, எல்லாருக்கும் மேலே வன்னியனார். இந்த ஏணியில் எந்தப் படியில் நின்றாலும் மேலே பார்த்துச் சலாம் போட ஒருவரும் கீழே பார்த்து ஏச ஒருவரும் இருந்தார்கள். ஊர் நிம்மதியாக இருந்தது.

காட்டு ஜோன் படலம்

டி.எஸ்.ஸின் வாப்பா காரீயச் சுரங்கத்தில் பணம் பார்த்தவர். மகனைக் கொழும்பு சென் தோமஸ் கல்லூரியில் சேர்த்தார். மகன் அங்கே கிரிக்கெட்டில் பேர் எடுத்தார். புத்தகத்தில் எடுத்ததாக யாரும் சொல்வதில்லை. காட்டுப் பக்கத்துப் பிள்ளை என்பதால் 'கெலே ஜோன்', அதாவது காட்டு ஜோன் என்று பட்டப்பெயர் விழுந்தது. இளமையில் கொஞ்சக் காலம் நில அளவைத் திணைக்களத்தில் கிளாக்கராகவும் இருந்தார். பிற்காலத்தில் நாட்டின் காடு முழுவதையும் மேசைமேல் விரித்து, "இது இவனுக்கு, அது அவனுக்கு" என்று கோடு போட்ட மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டப்பெயரும் இல்லை, முதல் உத்தியோகமும் இல்லை.

1915இல் கண்டியில் பள்ளிவாசலைக் கடந்துபோன ஓர் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம் நாடெங்கும் பரவியது. எரிந்ததும் கொள்ளை போனதும் முஸ்லிம் கடைகள். வெள்ளைக்காரன் இராணுவச் சட்டம் போட்டு, மதுவிலக்கு மேடையில் பேசிக்கொண்டிருந்த சிங்களத் தலைவர்களை அள்ளிக்கொண்டுபோய் உள்ளே போட்டான். அதில் டி.எஸ்.ஸும் அவர் தமையன்மாரும் அடக்கம். 46 நாள் வைத்திருந்து, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் வெளியே விட்டார்கள். கணக்குப் பார்த்தால் முஸ்லிம்களுக்குக் கடை போனது, அவருக்கு அரசியல் கிடைத்தது. இதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. சிறைக்குப் போனவர் தலைவராவது உலக வழக்கம், கடை எரிந்தவர் மறுபடி கடை போடுவது எங்கள் வழக்கம்.

1924இல் சட்டசபைக்குப் போனார். 1927இல் காணி ஆணைக்குழு அமைந்தபோது அதிலும் இருந்தார். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்து, சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபை கூடியது. டி.எஸ். விவசாய, காணி மந்திரியானார். அந்த மந்திரிசபையில் எங்கள் கரையின் ஆளும் ஒருவர் இருந்தார்: மட்டக்களப்புத் தெற்கின் உறுப்பினர் எச்.எம். மாக்கான் மார்க்கார், போக்குவரத்து, வேலைப்பகுதி மந்திரி. வயலும் வரம்பும் உள்ள தொகுதிக்குத் தென்பக்கத்து மாணிக்கக்கல் வியாபாரக் குடும்பத்திலிருந்து உறுப்பினர். ஊரில் ஆள் இல்லாமலா? இருந்தார்கள். ஆனால் வெளியூர் மாப்பிள்ளைக்கு இருக்கிற மவுசு எங்கள் பக்கத்தில் என்றைக்கும் தனி.

பெர்மிட்டுப் படலம்

மந்திரியார் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். உலர்வலயம் முழுக்கப் பாழடைந்த குளம், காடு, மலேரியா. ஈரவலயத்தில் மூச்சுவிட இடமில்லாத சனம். அங்கிருந்து ஆளை எடுத்து இங்கே வைத்தால் இரண்டு கணக்கும் நேராகும் என்று முடிவு கட்டினார். மின்னேரியாக் குளத்தைத் திருத்திக் குடியேற்றினார், சனம் கும்பிட்டது. 1935இல் 'விவசாயமும் தேசபக்தியும்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

சட்டத்தின் வித்து கிழக்கு மண்ணில் முளைத்தது என்பதை எங்கள் ஆட்கள் பலர் அறியார்கள். 1920களில் மட்டக்களப்பில் அரசாங்க அதிபராக இருந்த சி.வி. பிரெய்ன் என்ற வெள்ளைக்காரர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஏழைக்கு முடிக்குரிய காணியைக் கொடு, ஆனால் முழுதாகக் கொடுக்காதே. கொடுத்தால் முதலாளியிடம் விற்றுவிட்டு மறுபடியும் ஏழையாக வந்து நிற்பான். அவனை அவனிடமிருந்தே காப்பாற்று. இந்த யோசனை மேலிடத்துக்குப் பிடித்துப்போய், 1931இல் பிரெய்னே நாட்டின் முதல் காணி ஆணையாளரானார். டி.எஸ்.ஸின் சட்டம் அந்த யோசனைக்குச் சேர்வானி மாட்டிவிட்டது.

பெர்மிட்டுக் காணியை விற்கக்கூடாது. அதிகாரியின் எழுத்து அனுமதி இல்லாமல் ஈடு வைக்கக்கூடாது. குறித்த அளவுக்குக் கீழே துண்டு போடக்கூடாது. கடனுக்காக எவரும் பறிக்கவும் முடியாது, இது ஒன்று நல்லது. பின்னுரித்தாளியாக ஒருவர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் மௌத்தானால் அன்றைய அட்டவணைப்படி மகனுக்கு முதலிடம், மகளுக்கு அதற்குப் பிறகு. கணவன் போனபின் மனைவி காணியை அனுபவிக்கலாம், மறுமணம் முடித்தாளோ காணி கைமாறும்.

இந்தச் சட்டம் எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோதுதான் கூத்து. இங்கே குடி தாய்வழி. வீடு பெண்ணுக்கு, வயலும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான். பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பா செங்கல் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். காணிக் கந்தோர் ஐயா ஒருவரும் மூன்று குமர்ப்பிள்ளைகள் வைத்திருக்கும் சம்மாந்துறை உம்மா ஒருவரும் பெர்மிட்டுப் படிவத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? நடந்ததா என்று கேட்காதீர்கள். நடந்திருந்தால் இப்படித்தான் நடந்திருக்கும்.

"பின்னுரித்தாளி ஆரு உம்மா?"

"மூணு பேரு. மூணு கொமருக்கும் சரிபாதியாப் போடுங்க."

"மூணு பேருக்குப் போட ஏலாது. ஒராளுக்குத்தான். மகன் இல்லயா?"

"இரிக்கான். அவன் நிந்தவூர்ல பொண்டாட்டி ஊட்டுல இரிக்கான். அவன்ட மாமி குடுத்த வயல் அவனுக்குக் கெடக்கு. இந்தப் பூமியில அவனுக்கு என்ன வேல?"

"சட்டம் மகனத்தான் முன்னுக்குச் சொல்லுது உம்மா."

"அந்தச் சட்டம் செஞ்ச மனிசன் ஒரு கொமரயாவது கரசேத்து இரிக்காரா எண்டு கேளுங்க தம்பி."

கரைசேர்த்ததில்லை. டி.எஸ்.ஸுக்கு டட்லி, ரொபர்ட் என்று இரண்டும் ஆண்பிள்ளைகள். ஒரேயொரு பெண்பிள்ளை அந்த வீட்டில் பிறந்திருந்தால் இலங்கையின் காணிச் சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொன்னால் அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆண்பிள்ளைக்கு முதலிடம் என்ற அட்டவணையை மாற்றப் பாராளுமன்றத்துக்கு 2022வரை எடுத்தது. அதுவரைக்கும் சனம் சும்மா இருக்குமா? பெர்மிட்டில் ஒரு பெயர், வயலில் மூன்று மருமகன். வரம்பைச் சட்டம் போடவில்லை, மாமியார் போட்டார். விற்கக்கூடாத காணி வெள்ளைத் தாளில் விற்கப்பட்டது. ஈடு வைக்கக்கூடாத காணி ஈடு வைக்கப்பட்டது. அதிகாரி பார்க்க வரும் நாளில் மட்டும் பெர்மிட்டுக்காரர் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வரம்பில் நின்று, தானே விதைத்தது போலப் பயிரைத் தடவிக் கொடுப்பார்.

சமுத்திரப் படலம்

1947இல் டி.எஸ். பிரதமரானார். காணி மந்திரிப் பதவியை யாருக்குக் கொடுப்பது? நாடு முழுக்கத் தேடினார், வீட்டிலேயே ஆள் கிடைத்தது. மகன் டட்லி விவசாய, காணி மந்திரியானார். மருமகன் முறையான ஜோன் கொத்தலாவலையும் மந்திரிசபையில் இருந்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் ஆங்கில எழுத்துகளுக்கு 'மாமன் மருமகன் கட்சி' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் விரிவு சொன்னது சும்மா இல்லை. பின்னுரித்தில் மகனுக்கே முதலிடம் என்று சட்டம் எழுதியவர் தன் சட்டத்தைத் தானே கடைப்பிடித்தார். இதில் எவரும் குறை காண முடியாது.

பிறகு தொடங்கியது பெரிய வேலை. ஊவா மலையில் பிறந்து எங்கள் வயலுக்கு நடுவால் கடலுக்கு வரும் ஆற்றுக்கு எங்கள் பக்கத்தில் பட்டிப்பளை ஆறு என்று பெயர். கொழும்பில் கல்லோயா. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டமாக வந்தது. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையைப் பார்த்துச் செய்த சபை. இங்கினியாகலையில் அணை கட்ட வந்தது மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி. அங்கே ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் இருந்த அதே கம்பெனி. மாட்டு வண்டியை அண்ணாந்து பார்த்துப் பழகிய காட்டில் புல்டோசர்கள் இறங்கின. சுமார் 770,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும் குளம் எழுந்தது. பெயர் சேனாநாயக்க சமுத்திரம். தேனும் வேட்டையுமாக அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேடர்களின் காடு தண்ணீருக்குள் போனது. அவர்களிடம் பெர்மிட்டு இருக்கவில்லை.

அணைக்குக் கீழே நாற்பது வரையில் குடியேற்றக் கிராமங்கள். குடும்பத்துக்கு நாலு ஏக்கர் வயல், மூன்று ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு வீடு. கேகாலையிலிருந்தும் கண்டிப் பக்கத்திலிருந்தும் லொறி லொறியாகக் குடும்பங்கள் வந்தன. எங்களுக்கும் கொடுத்தார்கள், இல்லை என்று சொன்னால் அல்லாஹ் கேட்பான். மத்தியமுகாம் பக்கத்தில் நாலாம் கொலனி, ஏழாம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி என்று நம்பர் போட்ட ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். மலையோரத்து ஊர்களுக்குத் தலைவாய்க்கால், எங்கள் பக்கத்துக்குக் கடைவாய்க்கால். தண்ணீருக்கு இனம் மதம் தெரியாது என்று மேடையில் சொல்வார்கள். உண்மைதான், அதற்கு மேடு பள்ளம் மட்டும்தான் தெரியும். யார் மேட்டில், யார் பள்ளத்தில் என்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் மற்றதெல்லாம் தெரிந்திருந்தது.

ஆனாலும் நன்றி மறக்கக்கூடாது. மாரியை நம்பி ஒரு போகம் செய்த கரைவாகு, சம்மாந்துறை வட்டைகளில் சிறுபோகமும் பச்சையாக விளைந்தது அந்தக் குளத்தால்தான். மாசியில் அரிவாள் தேடியவன் ஆவணியிலும் தேடினான். போடியார்கள் இன்னும் கொஞ்சம் பெருத்தார்கள்.

1952 மார்ச்சில் ஒரு காலை, பிரதமர் காலிமுகத்திடலில் குதிரைச் சவாரி போனார். குதிரையிலிருந்து விழுந்தார். மறுநாள் மௌத்து. மகன் டட்லி பிரதமரானார். மருமகன் கொத்தலாவலை முகம் சுளித்தார். இந்தக் குடும்பச் சண்டை நாட்டுக்கு நல்ல பொழுதுபோக்கு. பள்ளத்தாக்கில் நடந்தது பொழுதுபோக்கு இல்லை. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் வந்த சூட்டோடு, கல்லோயாவில் தமிழர்கள் வெட்டப்பட்டார்கள். சுதந்திர இலங்கையின் முதல் இனக்கலவரக் களங்களில் ஒன்று, தேசபக்திப் புத்தகம் எழுதியவரின் குளத்தடி. இந்த இடத்தில் கிஸ்ஸாக்காரன் பகிடி விடுவதில்லை.

காரியப்பர் படலம்

இவ்வளவும் நடக்கும்போது எங்கள் ஆள் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். எங்கள் ஆள் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர். பட்டத்தைப் பாருங்கள். கவர்னர் கொடுத்த பட்டம், பெயருக்கு முன்னால் ஓர் இரும்பு வாசல் நிற்கிற கம்பீரம். 1947இல் டி.எஸ்.ஸின் கட்சியில் கல்முனைக்கு எம்.பி. அணைக்கு அடிக்கல் வைத்த காலத்தில் அரசாங்கத்துப் பக்கத்திலேயே இருந்தார்.

1956இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்று மறுபடி வென்றார். தெற்கே பொத்துவிலில் நிந்தவூர் எம்.எம். முஸ்தபாவும் அதே வீட்டுச் சின்னம். வென்ற இருவரும் பெட்டி படுக்கையோடு வீட்டைவிட்டு ஆளும் கட்சிப் பக்கம் நடந்தார்கள். கட்சித் தலைவர் தந்தை செல்வா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முஸ்தபா 1959இல் பிரதமர் தகநாயக்காவின் மந்திரிசபையில் நிதி மந்திரியாகவே ஆகிவிட்டார். இதைக் கட்சிதாவல் என்று வெளியூர்க்காரர்கள் ஏசுவார்கள். கரையோர அரசியலின் முதல் பாடம் அவர்களுக்குத் தெரியாது: காணி கொடுக்கிற கை எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கம் நமது ஆள் நிற்க வேண்டும். நின்றால் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நிற்காவிட்டால் கிடைக்காது என்பதற்கு உத்தரவாதம் உண்டு.

பிறகு வந்தது வினை. 1959இல் அமைந்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு, எம்.பி.மார் இலஞ்சம் வாங்கினார்களா என்று விசாரித்தது. காரியப்பரைக் குற்றவாளிகளில் ஒருவராகக் கண்டது. அறிக்கை அலுமாரியில் தூங்கியது. 1965இல் கல்முனை மக்கள் அவரை மறுபடியும் எம்.பி. ஆக்கினார்கள். அறிக்கை எழும்பியது. அதே ஆண்டு பாராளுமன்றம் 14ஆம் இலக்கச் சட்டத்தை மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. சட்டத்தின் அட்டவணையில் ஆட்களின் பெயரே இருந்தது. இன்னார் இன்னார் ஏழு வருடத்துக்கு வாக்குப் போடக்கூடாது, தேர்தலில் நிற்கக்கூடாது, இருக்கிற ஆசனமும் காலி. எங்கள் பக்கத்துக்கென்று பெயர் குறித்து ஒரு சட்டம் வேண்டும் என்று அதுவரை எத்தனையோ மகஜர் அனுப்பியிருந்தோம். கடைசியில் பெயர் குறித்துத்தான் வந்தது.

காரியப்பர் விடுவாரா? பாராளுமன்றச் செயலாளர் சாம் விஜேசிங்கவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். "நான் இன்னும் எம்.பி., என்னை எம்.பி. என்று நடத்து, என் படிக்காசைத் தா" என்பது வழக்கின் சாரம். அங்கே தோற்று லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். இரண்டு வருடம் முந்தித்தான் அதே பிரிவி கவுன்சில், இராணுவச் சதி வழக்குக்காகப் போட்ட விசேட சட்டத்தைச் செல்லாது என்று தூக்கி எறிந்திருந்தது. நம்பிக்கைக்கு இடம் இருந்தது. 1967இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் அவுஸ்திரேலிய நீதிபதி சேர் டக்ளஸ் மென்சிஸ். இது தண்டனை வழங்கிய தீர்ப்பு இல்லை, சட்டவாக்கம்தான், மூன்றில் இரண்டு இருப்பதால் அரசியலமைப்பையே திருத்தியதாகக் கொள்ளலாம், சட்டம் செல்லும் என்றார். நாம் நம்மை ஆள வேண்டும் என்று டி.எஸ். சுதந்திரம் வாங்கி இருபது வருடம் ஆகப்போகிற வேளையில், கல்முனைக்கு எம்.பி. யார் என்பதை லண்டனில் இருந்து ஓர் அவுஸ்திரேலியர் சொன்னார். சட்டக்கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' என்று மனப்பாடம் செய்கிறார்கள். காணி வாங்கிக்கொடுத்த எம்.பி.மாரை ஊர் மறந்துவிட்டது. ஆசனம் இழந்தவரை உலகம் மறக்கவில்லை.

கச்சேரிப் படலம்

1961இல் மட்டக்களப்பை வெட்டி அம்பாறை மாவட்டம் பிறந்தது. மாவட்ட அலுவலகமான கச்சேரி கரையில் வரவில்லை, குளத்தடியில் வந்தது. அதுவரை வடக்கே பஸ் பிடித்துப்போன கல்முனைக்காரர், பெர்மிட்டில் ஒரு எழுத்துப் பிழை திருத்த மேற்கே பஸ் பிடித்துப் போனார். மட்டக்களப்புக் கச்சேரியில் தமிழில் கேட்டு ஏச்சு வாங்கினோம். இங்கே சிங்களத்தில் ஏசினார்கள், பாதி விளங்காததால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல். 'கரையோர மாவட்டம் தா' என்ற கோரிக்கை அந்தப் பஸ் பயணத்தில் பிறந்ததுதான். எல்லாத் தேர்தலிலும் அது மேடையேறும். வாக்கு எண்ணி முடிந்ததும் இறங்கிவிடும்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்தது. காணி மாகாணத்துக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி, அரச காணி மத்திக்கு என்று மறுபக்கத்தில் எழுதி, இடையில் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என்றார்கள். அது இன்றுவரை பிறக்கவில்லை. 1994இல் எங்கள் எம்.எச்.எம். அஷ்ரப் மந்திரியானார், காணிக்கு அல்ல, துறைமுகத்துக்கு. தரையில் நடக்கவில்லை என்றால் கடலில் பார்ப்போம் என்று நினைத்தாரோ என்னவோ. ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்தது. துறைமுகம் அவர் மௌத்தாகிப் பதின்மூன்று வருடம் கழித்து, 2013இல் திறந்தது. வாயில் மணல் அடைத்துக் கப்பல் வரவில்லை. ஆனால் வடக்குப் பக்கம் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்பை விழுங்கியது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை ஆயிரம் குடும்பம் வீடிழந்து நின்றதென்று சொல்லி ஆறாது. அந்த நேரத்திலும் முதலில் வந்து இறங்கியது அளவு நாடா. கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று ஒரு கோடு. எங்கள் பக்கத்தில் அது கடைசியில் 65 மீற்றர் ஆனது. மருதமுனையில் இன்றைக்கும் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்றால்தான் ஓட்டோக்காரருக்கு வழி தெரியும். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதிக் காசில் 500 வீடு எழும்பியது. யாருக்குக் கொடுப்பது என்று வழக்குப் போய், வீடுகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. உள்ளே பற்றை வளர்ந்தது. அரச காணியில் பெர்மிட்டு இல்லாமல் குடியேறிய முதல் குடியேற்றவாசி அந்தப் பற்றைதான். அதை யாரும் வெளியேற்றவில்லை.

பலன் சொல்லும் படலம்

டி.எஸ்.ஸுக்குப் பின் வந்தவர்கள் அவர் சட்டத்தின் அடிப்படையை மாற்றவில்லை. கடதாசியைத்தான் மாற்றினார்கள். ஸ்வர்ணபூமி என்று ஒன்று, ஜயபூமி என்று ஒன்று, ரன்பிம என்று ஒன்று. பெயரில் பொன்னும் வெற்றியும். காணியில் பழைய நிபந்தனைகள் அப்படியே. ஒரே வயலுக்கு மூன்று கடதாசி வைத்திருக்கிற குடும்பம் எங்கள் ஊரில் உண்டு. மூன்றையும் கொண்டுபோய் வங்கியில் காட்டினால் மேலாளர் எழுந்து நின்று மரியாதை செய்வார், கடன் மட்டும் தரமாட்டார்.

கடைசியில் 2024 பெப்ரவரியில், டி.எஸ். தொடங்கிய கட்சியின் தலைவர் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்து 'உறுமய' என்று அறிவித்தார். 20 இலட்சம் பேருக்கு நிபந்தனை இல்லாத முழு உறுதி. மாமன் 1935இல் பாதி கொடுத்ததை மருமக்கள் கட்சி 89 வருடம் கழித்து மீதி கொடுக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது தேர்தல் வருடம். செப்டெம்பரில் தேர்தல் வந்தது, ரணில் தோற்றார். உறுதி கிடைத்தவர்கள் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். கிடைக்காதவர்கள் பிரதேச செயலகத்தில் புதிய படிவம் வாங்கினார்கள்.

இதுவே கிஸ்ஸாவின் பலன். செனரத் முதல் ரணில் வரை இந்தக் கரைக்குக் காணி கொடுத்தவர்கள் எவரும் தன் வாப்பாவின் காணியைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே எவனோ வெட்டித் திருத்தியதை எடுத்து, அவனுக்கே பாதியாகத் திருப்பிக் கொடுத்து, குளத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டார்கள். டி.எஸ். அவர்களில் ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மற்றவர்கள் பெயரை மட்டும் விட்டுப்போனார்கள், அவர் தண்ணீரையும் விட்டுப்போனார். அடுத்த தேர்தலில் இன்னொருவர் மாலையும் கழுத்துமாக உங்கள் சந்தியில் ஏறி "காணி தாறன்" என்பார். கை தட்டுங்கள், தேநீரும் கொடுங்கள். மூன்று கேள்வி மட்டும் கேட்டுவிடுங்கள்: ஆர்ர காணி, பெர்மிட்டா உறுதியா, மகளுக்கு எழுதலாமா? மூன்றாவது கேள்விக்கு முழிக்காமல் பதில் சொல்கிறவருக்கு எங்கள் உம்மாவின் வாக்கு நிச்சயம்.